நறுக்கிய பாட்டுக்கு எத்தனையாவது இடம்

அந்தக் கேசட்டில் பதினாலு பாட்டு. எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்து, பிறகு சண்டை போட்டுக் கலைந்துபோன ஓர் ஆங்கில ராக் குழு. அவர்களுடைய பழைய ஆல்பங்களிலிருந்து பொறுக்கியெடுத்து வெளியிட்ட தொகுப்பு அது. பம்பாயிலிருந்து வந்த மாமா ஒருவர் என் கல்லூரி நண்பனுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மைசூரில் எங்களுக்குத் தெரிந்து வேறு யாரிடமும் அதன் ஒரிஜினல் கிடையாது. பதிவு பண்ணின கேசட்டின் இரைச்சலோடு மட்டுமே கேட்டுப் பழகிய எங்களுக்கு, அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத் திறக்கவே கை கூசியது.

அந்த வாரம் உட்கார்ந்து பதினாலையும் வரிசைப்படுத்திவிடுவது என்று மூன்று பேர் முடிவு செய்திருந்தோம். நான், கேசட்டுக்குச் சொந்தக்காரனான அக்ரஹாரத்து நண்பன், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் இன்னொருவன். அவனைப் பட்டணத்தான் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அப்பாவுக்குக் காவிரிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். கிடார் வாசிக்கத் தெரிந்தவன் எங்களில் அவன் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடச் சொல்லி உத்தரவு வந்து இரண்டு மாநிலமும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். என் அப்பாவும் அம்மாவும் கொள்ளேகாலில் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு நான் அக்ரஹாரத்து நண்பன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் பஸ் நின்றுபோயிற்று. கடைகள் திறக்கவில்லை. முந்தின நாளே வந்து தங்கியிருந்த பட்டணத்தானும் ஊருக்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டான்.

நண்பனின் அம்மா காபி கொடுக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாசப் பக்கம் போகாதே. யாராவது வந்தா கன்னடத்துலயே பேசு. சரியா?"

எங்கள் வீட்டில் தமிழ்தான் என்றாலும், நான் எப்போதும் அந்த வீட்டில் கன்னடத்தில்தான் பேசுவேன். இங்கே நான் தமிழில் எழுதுகிற பேச்செல்லாம் கன்னடத்தில் நடந்ததுதான். ஆனால் அதை ஒருவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்த முதல் நாள் அது.

அப்பாவும் அம்மாவும் அன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தது. கிளம்பினார்களா, எங்கே இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. சித்தி வீட்டில் போன் இல்லை.

மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டேப்பை மெதுவாக வைத்தோம். ஒரு பாட்டு முடிகிறவரை யாரும் பேசக் கூடாது என்று விதி. மூன்று பேரும் தனித்தனியாக ஒன்றிலிருந்து பதினாலு வரை எண் போட வேண்டும். எண்களைக் கூட்டி, எது மிகக் குறைவோ அதற்கு முதலிடம். பென்சிலும் நோட்டும் என்னிடம். ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் என் காது தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும். தூரத்தில் எங்கேயோ கோஷம் எழுந்து அடங்கும். மூன்று பேரும் டேப்பையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மதியம் கூட்டிப் பார்த்தபோது இரண்டு பாட்டு சமமாக நின்றன. ஒன்று நான் முதலிடம் கொடுத்த பியானோ பாட்டு. மற்றது பட்டணத்தான் முதலிடம் கொடுத்த நீளப் பாட்டு. அந்த நீளப் பாட்டில்தான் வில்லங்கம். மூல ஆல்பத்தில் அது ஒன்பது நிமிஷம். கடைசியில் வரும் கிடார் மட்டுமே ஐந்து நிமிஷம் போகும். தொகுப்பில் இடம் போதாது என்று அதைப் பாதியில் நறுக்கியிருந்தார்கள். கிடார் எழும்பும் நேரத்தில் சத்தம் தேய்ந்து அடங்கிவிடும்.

"நீ முழுப் பாட்டை மனசுல வச்சு மார்க் போட்டிருக்கே. இந்தக் கேசட்ல இருக்கிறதுக்குத்தான் போடணும்" என்றேன்.

"நறுக்கினது பாட்டே இல்லைடா. அந்தக் கிடார் இல்லாம அது என்ன பாட்டு?"

"கவர்ல என்ன எழுதியிருக்கு? நாலு நிமிஷம் முப்பது செகண்ட். அதுக்கு மேல கேட்க உரிமை இல்லை."

"எழுதியிருக்கு, எழுதியிருக்கு!" அவன் குரல் ஏறியது. "உங்க ஆளுங்களுக்கு எப்பவும் இதுதான். காகிதத்துல எழுதியிருக்கிறதைக் காட்டிக் கேப்பீங்க. நிஜமா அங்க எவ்வளவு இருக்குன்னு பாக்க மாட்டீங்க."

டேப் ஓடிக்கொண்டிருந்தது. உங்க ஆளுங்க என்று அவன் அதுவரை சொன்னதில்லை. நான் பிறந்ததே மைசூரில்தான். இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "அப்ப போய் உங்க ஆளுங்களோட சேர்ந்துக்கோ. வெளியிலதான் நிக்கிறாங்க" என்றேன்.

வீட்டுக்கார நண்பன் ஏதோ சமாதானம் சொல்லப் போனான். பட்டணத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து கீழே இறங்கிப் போனான். தெருக்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

அரைமணி நேரம் ஆயிற்று. அவன் வரவில்லை. கோஷம் இப்போது பக்கத்துத் தெருவில். ஜன்னல் இடுக்கில் பார்த்தபோது, முனையில் இஸ்திரி போடும் தருமபுரிக்காரரின் வண்டி கவிழ்ந்து கிடந்தது. அவர் முந்தின நாளே குடும்பத்தோடு எங்கோ போயிருந்தார். இருபது முப்பது பேர் அந்தத் தெருவுக்குள் திரும்பினார்கள். நடுவில் நீலச் சட்டை ஒன்று. பட்டணத்தானும் அன்று நீலச் சட்டைதான்.

அடுத்து நான் செய்ததை யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. மாடியிலிருந்து ஓடிவந்து, சமையலறை தாண்டி, கொல்லைப்புறக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெந்நீர் அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில், விறகுக் குவியலை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். காலையில் எரித்த சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. அவன்தான் கூட்டிக்கொண்டு வருகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவன். எதுவும் நினைவுக்கு வரவில்லை. சத்தம் வாசலருகே வந்தது, பெரிதாயிற்று, தாண்டிப் போயிற்று. யாரும் கதவைத் தட்டவில்லை. இருந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"நான்தான். திற."

பட்டணத்தான். நான் அண்டாவின் பின்னால் இன்னும் ஒடுங்கினேன்.

"தனியாத்தான் இருக்கேன். திறடா."

திறந்தேன். அவன் செருப்பெல்லாம் புழுதி. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். கொள்ளேகால் பஸ் எல்லாத்தையும் வழியில நரசீபுராவிலேயே நிறுத்திட்டாங்களாம். பாசஞ்சரை ஒரு கல்யாண மண்டபத்துல வச்சுச் சோறு போடறாங்கன்னு டிரைவர் ஒருத்தர் சொன்னார். உங்க அப்பா அம்மா அதுல இருக்காங்களான்னு தெரியாது. ஆனா அடிதடி ஒண்ணும் ஆகலைன்னார்."

நான் கரி படிந்த கையோடு நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான், தாழ்ப்பாளைப் பார்த்தான்.

"நான் ஆளைக் கூட்டிட்டு வருவேன்னு நெனச்சியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதம்தான். அந்த ஒரு நொடியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நண்பனின் அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்ததும், "இப்படியா சொல்லாம போவே?" என்று திட்டியதும் எனக்குக் கொல்லைப்புறம் வரை கேட்டது.

சாயங்காலம் மறுபடி மாடியில் கூடினோம். வேறு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நோட்டு தரையில் விரித்தபடி கிடந்தது. பட்டணத்தான் பென்சிலை எடுத்து, தன் வரிசையில் நீளப் பாட்டுக்கு நேரே இருந்த ஒன்றை அடித்துவிட்டு நாலு என்று எழுதினான். பியானோ பாட்டுக்கு ஒன்று போட்டான்.

"எதுக்குடா? இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

"நீ சொன்னது சரிதான். கேசட்ல இருக்கிறதுக்குத்தான் போடணும்."

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் பாட்டு முதலிடத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். நரசீபுரா மண்டபத்தில்தான் இருந்திருக்கிறார்கள். சோறு போட்டவர்களைப் பற்றி அம்மா வாய் ஓயாமல் பேசினாள். எங்கள் வீட்டில் நாலைந்து ஓடு உடைந்திருந்தது, அவ்வளவுதான். பஸ் ஓடத் தொடங்கியதும் பட்டணத்தான் ஊருக்குப் போனான். போகும் முன் என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனான்.

கல்லூரி திறந்த பிறகு ஒருநாள் கேன்டீனில் அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுடா, யாராயிருந்தாலும் பயப்படத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான். அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது.

அடுத்த மழைக்காலத்தில் வேறொரு குழுவின் தொகுப்புக் கேசட் எங்கள் கைக்கு வந்தது. மறுபடி வரிசைப்படுத்த உட்கார்ந்தோம். நான் வேண்டுமென்றே, அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காத டிஸ்கோ வாடை அடிக்கும் பாட்டு ஒன்றை முதலிடத்தில் எழுதி, தாளை அவன் பக்கம் தள்ளினேன். எகிறிக் குதிப்பான், தாளைக் கிழிப்பான் என்று காத்திருந்தேன். அவன் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தான்.

"எனக்கும் இதேதான்" என்று சொல்லிவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தான்.