வயரிங் அக்காவுக்கு வைத்த சோதனை

அந்த மருத்துவமனையில் மூவாயிரத்துச் சொச்சம் சுவிட்சுகள் இருக்கின்றன. எந்த சுவிட்சுக்கு எந்தப் பலகையிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதை வரைபடம் பார்க்காமல் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். மருத்துவர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் வரை எல்லோருக்கும் அவர் வயரிங் அக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே சட்டென்று திரும்பிப் பார்க்க மாட்டார்.

வயது நாற்பத்து நான்கு. எலக்ட்ரீஷியனாகப் பத்தொன்பது ஆண்டுகள். அதில் கடைசிப் பன்னிரண்டு இந்த மருத்துவமனையில். ஜெனரேட்டர் அறைக்கும் சலவைப் பிரிவுக்கும் நடுவே, தரைக்குக் கீழே இருந்தது பராமரிப்பு அறை. சன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு பழைய கணினி, கொக்கிகளில் தொங்கும் ஒயர்ச் சுருள்கள், ஒரு கால் ஆடும் நாற்காலி. புகார் வந்தால் ஓட வேண்டும், வராவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடுவது அக்காவுக்குப் பழகிவிட்டது. உட்காருவதுதான் ஆகாது.

வீட்டில் கணவர், நாத்தனார், அக்கா என்று மூன்று பேர். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாத்தனார் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் யாராவது ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் அக்கா போடும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஒருநாள் நாத்தனார் பொறுக்க முடியாமல் சொன்னாள்:

“அண்ணி, வீட்டு ரிப்பேர் பத்திக் கேள்வி கேக்குற வெப்சைட் ஒண்ணு இருக்கு, தமிழ்லயே. எங்ககிட்ட கத்துறதையெல்லாம் அங்க போய் எழுதுங்க. நாலு பேருக்காவது உபயோகமா இருக்கும். எங்க காதும் தப்பிக்கும்.”

அக்கா எழுதினார். மின்விசிறி ஏன் முனகுகிறது, மழை பெய்தால் ஏன் விளக்கு மினுக்குகிறது என்று கேட்டவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையைக் கண்டு வீட்டில் இருவருக்கும் ஆச்சரியம். ஒன்றரை ஆண்டு கழித்து, தளமே அவருக்கு மதிப்பாய்வாளர் உரிமை கொடுத்தது.

அந்த வேலை இப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் பதில்கள் ஒரு வரிசையில் வந்து நிற்கும். மதிப்பாய்வாளர் ஒவ்வொன்றையும் படித்து ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று அழுத்த வேண்டும். தெரியாத விஷயமானால் தாண்டிப் போகலாம். மூன்று பேர் ‘சரி’ சொன்னால் பதில் தளத்தில் நிலைக்கும். கூலி கிடையாது. எத்தனை பார்த்தோமோ அந்த எண்ணிக்கை மட்டும் பெயருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும்.

அந்த எண்ணிக்கையில்தான் அக்கா சறுக்கினார். ‘கைராசி’ என்ற பெயரில் ஒருவர் எப்போதும் அவரைவிட இருபது முப்பது முன்னால் இருந்தார். ஆளை அக்கா பார்த்ததில்லை, ஆனாலும் அவரை முந்த வேண்டும் என்று ஒரு வேகம் வந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து பார்த்தவர் இருபது பார்த்தார், பிறகு நாற்பது. நீளமான பதில், படம் போட்டது, எண் போட்டுப் பிரித்தது என்றால் கண்ணை ஓட்டிவிட்டு ‘சரி’.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன், அப்படி ஒன்றை அழுத்தியதும் திரை மாறியது.

“நில்லுங்கள். இது உங்கள் கவனத்தைப் பார்க்க நாங்கள் வைத்த சோதனை. இந்தப் பதில் ஏற்கெனவே ஆபத்தானது என்று நீக்கப்பட்டது. நீங்கள் ‘சரி’ என்றீர்கள். ஏழு நாட்களுக்கு உங்களால் மதிப்பாய்வு செய்ய முடியாது.”

அக்கா பதிலை மறுபடியும் படித்தார். துணி துவைக்கும் எந்திரத்தைப் போட்டால் வீட்டு மின்சாரமே அணைந்துவிடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பதிலில் எட்டுப் படிகள். முதல் ஐந்தும் நல்ல யோசனைகள். ஆறாவது, மின்கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொன்னது. ஆளைக் காப்பாற்ற இருக்கிற ஒரே பொருளைத் தூக்கிப் போடு என்பதுதான் அதன் அர்த்தம். வார்டில் எவராவது அப்படிச் செய்திருந்தால் அக்கா அவரை வேலைக்கு ஆகாது என்று அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம்தான் முதலில் சொன்னார்.

“அப்ப செக்கர் ஏறுன மாதிரிதான்,” என்றார் கணவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே. “நீ டிக்கெட் எடுக்கல. மாட்டிக்கிட்ட.”

“செக்கர் யூனிபார்ம்ல வருவாருல்ல? இது பயணி மாதிரி வந்து பக்கத்து சீட்ல உக்காந்துடுச்சுங்க.”

“பயணி மாதிரி வந்தாத்தானே நீ யாருன்னு தெரியும்?”

அக்காவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் கணவர் மேலா, தளத்தின் மேலா என்று அவருக்கே பிடிபடவில்லை. இலவசமாக உழைப்பவளை ஒளிந்திருந்து பார்ப்பது என்ன நியாயம் என்று நாத்தனாரிடமும் கேட்டார். “நியாயமில்லைதான் அண்ணி. ஆனா ஆறாவது படியைப் படிச்சிருக்கலாம்,” என்றாள் அவள்.

மறுநாள் பராமரிப்பு அறையில் சும்மா இருக்க முடியவில்லை. புதிய பதில்களைப் பார்க்கத்தான் தடை. தான் முன்பு பார்த்தவற்றைத் திரும்பப் பார்க்கத் தடை இல்லை. அவர் பார்த்ததெல்லாம் ஒரு பட்டியலாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி செலவழித்தார் என்ற குறிப்போடு. கடைசி ஒரு மாதத்தில் எழுநூற்றுப் பன்னிரண்டு. அக்கா முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

பெரும்பாலும் பழுதில்லை. சிலது அரைகுறை, ஆனால் யாரையும் கொல்லாது. நான்காம் நாள் ஒன்றில் கை நின்றது.

‘மூன்றாம் மாடி’ என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: துணி துவைக்கும் எந்திரத்தைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, என்ன செய்வது? யாரோ எழுதிய பதில் நான்கே வரி. பிளக் மாட்டும் இடத்துக்குள், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரையும் எர்த் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுங்கள், ஷாக் நின்றுவிடும். நிற்கும்தான். ஆனால் என்றைக்காவது அந்த நியூட்ரல் ஒயர் எங்கேயாவது அறுந்தால், எந்திரத்தின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். தொட்டவருக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அக்கா அதற்குக் கொடுத்த நேரம் ஒன்பது விநாடி. இது சோதனை இல்லை. நிஜப் பதில், நிஜ ஆள். கீழே ‘மூன்றாம் மாடி’ எழுதியிருந்தார்: “செஞ்சுட்டேன். இப்ப ஷாக் அடிக்கல. ரொம்ப நன்றி.” எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அக்கா உடனே அதன் கீழே எழுதினார். “அந்தத் துண்டு ஒயரை இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க. நீங்க தொடாதீங்க, மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனை வெச்சு எடுங்க. அதுவரைக்கும் எந்திரத்தைப் போடாதீங்க.” பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த ஆள் நன்றி சொன்ன நாளுக்குப் பிறகு தளத்துக்கே வரவில்லை என்று அவருடைய பக்கம் காட்டியது.

வார்டுகளில் பிளக் மாற்றும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு மூன்றாம் மாடி வீடு கண்ணுக்குள் வந்தது. ஈரத் தரை, எந்திரம், யாரோ ஒருவரின் கை. தளத்தை நடத்துகிறவர்களில் ‘மூக்குக்கண்ணாடி’ என்று ஒருவர் இருந்தார், அவருக்கு எழுதி அந்த ஆளின் முகவரியைக் கேட்டார். முகவரியைத் தர விதி இடம் கொடுக்காது, ஆனால் பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சலுக்கு நாங்களே அனுப்புகிறோம் என்று அரைமணி நேரத்தில் பதில் வந்தது. அந்த நான்கு வரிப் பதிலும் அன்றைக்கே நீக்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்து ‘மூன்றாம் மாடி’ வந்தார். பெண்.

“எலக்ட்ரீஷியன் வந்து எடுத்துட்டாருங்க. எர்த் ஒயரே கட்டாயிருந்துச்சாம், மாத்திட்டாரு. எங்க மாமியார்தான் தினமும் துணி போடுவாங்க. அந்தப் பதிலைச் சரின்னு சொன்ன மூணு பேர்ல உங்க பேரும் இருந்துச்சு, அப்பவே பாத்தேன்.”

அக்கா வெகுநேரம் பதில் பெட்டியில் எதையோ எழுதி எழுதி அழித்தார். கடைசியில் அனுப்பியது இதுதான்: “ஆமாங்க. நான் படிக்காம சொன்னேன். மன்னிச்சுடுங்க.”



தடை முடிந்ததும் அக்கா திரும்பப் போனார். இப்போது நாளுக்கு எட்டு, மிஞ்சினால் பத்து. கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை, மேலிருந்து கீழ்நோக்கி ஒருமுறை படித்தார். கைராசி நூற்றுக்கணக்கில் முன்னால் போய்விட்டார். நடுநடுவே சோதனைகள் வந்தன; எல்லாவற்றிலும் தேறினார்.

மூன்று மாதம் கழித்து இன்னொன்று வந்தது. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்து, உள்ளே இருக்கும் சின்ன விளக்கு எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லை, தைரியமாகத் தொடலாம் என்று அந்தப் பதில் சொன்னது. அழகாக எழுதியிருந்தது. அறுபத்து நான்கு பேர் விரும்பியிருந்தார்கள். அக்கா இரண்டு முறை படித்துவிட்டு ‘சரியில்லை’ என்று அழுத்தினார்.

“நில்லுங்கள். இது சோதனை. இது பலராலும் பாராட்டப்பட்ட நல்ல பதில். நீங்கள் ‘சரியில்லை’ என்றீர்கள். இது உங்கள் இரண்டாவது தவறு. முப்பது நாட்களுக்கு உங்களால் மதிப்பாய்வு செய்ய முடியாது.”

முதல் தடவை வந்த கோபம் இந்தத் தடவை வரவில்லை. தன்மேல் தவறில்லை என்று தெரிந்தபோது அக்கா நிதானமாகிவிடுவார். தளத்தின் விவாதப் பக்கத்தில் எழுதினார்: டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் உண்டு, அது நிச்சயம். எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்பது நிச்சயம் இல்லை. அதை நம்பித் தொடக் கூடாது.

பதில்கள் வந்து குவிந்தன. “அறுபத்து நாலு பேருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?” என்றார் ஒருவர். “சோதனையில் தோற்றவர்கள் எல்லாம் சோதனையைத்தான் குறை சொல்வார்கள்,” என்றார் இன்னொருவர். கைராசியும் வந்தார்: “எனக்கும் இதே சோதனை வந்தது. நான் தேறினேன்.”

அக்கா மருத்துவமனையின் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டு மதியம் மொட்டை மாடிக்குப் போனார். ஏசி எந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பெட்டி இருந்தது. உச்சி வெயில்.

“போனைப் புடி. நான் பேசல, நீயும் பேசாதே. என் கையை மட்டும் வீடியோ எடு.”

“எதுக்குக்கா இந்த வேகாத வெயில்ல? கீழயே எடுக்கலாம்ல?”

“கீழ இருட்டுடா. இருட்டுல எரியறது தெரிஞ்சுடும். வீட்ல ஜனங்க பகல்லதானே ரிப்பேர் பாக்கறாங்க?”

டெஸ்டர் எரிய ஆளின் உடம்பு வழியாகத் துளி மின்சாரம் தரைக்குப் போக வேண்டும்; அதைத் தடுக்க, உலர்ந்த மரப்பலகை மேல், தடித்த ரப்பர் காலணியோடு நின்று டெஸ்டரை உள்ளே வைத்தார். விளக்கு எரிவதாகத் தெரியவில்லை. ஏசி மெக்கானிக் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தார், அப்போதும் தெரியவில்லை. அடுத்து, இரண்டு ஒயர் மாட்டிய ஒரு குண்டு பல்பை அதே பிளக்கில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஏசி மெக்கானிக் பேசக் கூடாது என்று அக்கா சொன்னதை மறந்து “அடக் கடவுளே” என்றார். அதுவும் பதிவாகிவிட்டது. மொத்தம் ஒரு நிமிடம் பத்து விநாடி. அக்கா அதை அப்படியே ஏற்றினார்.

ஒரு நாள் போனது. பிறகு மூக்குக்கண்ணாடி எழுதினார். விருப்பம் அதிகம் வாங்கிய பதில்களைக் கணினி நிரல் தானாகவே எடுத்து ‘நல்ல பதில்’ சோதனையாக வைக்கிறது. விஷயம் தெரிந்த யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை. இந்தச் சோதனையை உடனே எடுக்கிறோம். இது நாற்பத்தோரு பேருக்கு வந்திருந்தது. ‘சரியில்லை’ என்று சொன்னவர்கள் மூன்றே பேர், மூவரும் தோற்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள். மூவரின் தடையும் நீங்கியது. தேறிய முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரு விளக்கக் கடிதம் போனது. கைராசி அந்த வீடியோவின் கீழே ஒரு வரி எழுதினார்: “இருபது வருஷமா டெஸ்டரைத்தான் நம்பினேன். நாளைக்கே பல்பு வாங்குறேன்.”

சோதனைக்கான பதில்களைப் பொறுக்கும் குழுவில் சேர முடியுமா என்று மூக்குக்கண்ணாடி கேட்டார். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு மாட்டேன் என்று எழுதினார். கணவருக்கு அது புரியவில்லை.

“செக்கராவே ஆக்குறேங்கிறாங்க. வேணாம்னுட்டியே?”

“எனக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் கிடைக்குது. அதுல எட்டுப் பதில் படிக்கலாம். இல்லன்னா அடுத்தவன் எங்க விழுவான்னு குழி தோண்டலாம். ரெண்டையும் செய்ய நேரமில்லைங்க.”

“நீ விழுந்ததாலதானே திருந்தின?”

“ஆமா. அதுக்காக நான் தோண்டணுமா?”

கணவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். மின்சாரச் சோதனைகள் மட்டும் வைக்கும் முன் தனக்கு ஒருமுறை காட்டுங்கள், தவறிருந்தால் சொல்கிறேன் என்று அக்கா எழுதினார். அதற்கு ஒப்புக்கொண்டார்கள். மாதத்துக்கு ஐந்தாறு வந்தன. பாதியைத் திருப்பி அனுப்பினார்.

அதன்பின் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. சென்ற மாதம் அக்கா மறுபடி ஒரு சோதனையில் தோற்றார். மின்விசிறி வேகம் குறைக்கும் கருவி பற்றிய பதில். படித்துக்கொண்டிருக்கும்போது அறுவைச் சிகிச்சைக் கூடத்திலிருந்து விளக்கு அணைந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. எழுந்து ஓடும் அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது, ஓராண்டாகத் தவறே இல்லாததால் மூன்று நாள் மட்டும் தடை. விவாதப் பக்கத்துக்குப் போகவில்லை, யாருக்கும் எழுதவும் இல்லை. நாத்தனாரிடம் மட்டும் சொன்னார்.

“இந்தத் தடவை யார் மேல தப்பு அண்ணி?”

“என் மேலதான்.”

அந்த மூன்று நாளும் பராமரிப்பு அறையின் அலமாரியை ஒதுக்கினார். பதினோரு பழுதான பிரேக்கர்கள், யாரோ வைத்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறை, முனை உடைந்த இடுக்கி மூன்று. நாற்காலியின் ஆடும் காலுக்கும் ஒரு திருகாணி கிடைத்தது.