பதினாறு கிலோமீட்டர்

பதினாறு கிலோமீட்டரை மணிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் அரை மணி நேரம் ஆகும். இதைத் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒருவர் சொன்னார். அவர் என் அப்பா.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒத்தக்கடையில் இருந்தோம். அம்மா அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "ஒரு தடவை எழுதிக்க. அதோட புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுறணும்" என்பது அப்பாவின் நிபந்தனை. அதற்கு அம்மா தலையாட்டியதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. உலை கொதிக்கிற நேரத்தில் சமையலறைத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போடுவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து போடுவேன். வேகம், தூரம், நேரம் என்றால் இருவருக்குமே ஆகாது. நாற்பது நிமிடத்தைப் பாயிண்ட் நாற்பது மணி என்று எழுதி இரண்டு பேரும் சேர்ந்தே தப்புப் பண்ணுவோம். நிமிடத்தை அறுபதால் வகுக்க வேண்டும் என்பது மண்டையில் ஏறிய பிறகு ஒரு கணக்கையும் நாங்கள் விடவில்லை.

தேர்வு கோச்சடையில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

"இங்கேருந்து பதினாறு கிலோமீட்டர். உங்கப்பா முப்பத்திரண்டுல போனா எம்புட்டு நேரம்?" என்றாள் அம்மா.

அரை மணி என்றேன்.

"சிக்னல்ல நிக்கணும்ல. இருபத்தி நாலுன்னு வச்சுப் பாரு."

நாற்பது நிமிடம். எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பது பத்துக்குப் போய்விடலாம். இருபது நிமிடம் கையில் மிச்சம். அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அன்றைக்குச் சொன்னபடி எட்டரைக்கே கிளம்பினோம். அப்பா எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார். அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை ஏற்றி நசுக்கினார். "பொண்டாட்டி பரிட்சைக்கு இம்புட்டு செய்ற ஆம்பளைய எங்க பாக்க முடியுது" என்று பக்கத்து வீட்டு அத்தை மெச்சினாள். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். என்ன நடிப்பு.

நான் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். மீட்டர் என் மூக்குக்கு நேரே இருந்தது. மேலூர் ரோடு காலியாகக் கிடந்தும் முள் இருபதைத் தொடவே இல்லை. சைக்கிளில் போன ஒரு பால்காரர் எங்களைத் தாண்டிப் போனார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அப்பா காற்றடிக்க நிறுத்தினார். கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தானண்ணே இருக்கு" என்றார். இருந்தாலும் அப்பா அடிக்கச் சொன்னார். செல்லூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் கூட்டாளியைக் கண்டதும் மறுபடி வண்டி நின்றது. "என்ன மாப்ள, தங்கச்சி ஆபீசர் ஆயிட்டா இனி நீதான் சோறு பொங்கணும்போல" என்றார் அந்த மாமா. அப்பா டீயை ஊதி ஊதிக் குடித்தார். "என்னங்க, நேரமாச்சுங்க" என்று அம்மா கெஞ்சிக்கொண்டே நின்றாள்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாற்பது. உள்ளே நின்ற போலீஸ்கார அக்கா, "பூட்டியாச்சேம்மா, நான் என்ன செய்ய" என்றார். அம்மா கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஆத்தாளும் மகளும் போட்ட கணக்கு லட்சணம் இதுதான். தப்பாப் போட்டா இப்படித்தான் நிக்கணும்."

நான் ஓவென்று அழுதேன். அம்மாவின் தேர்வு போனது எனக்கு உறைக்கவே இல்லை. கணக்கு தப்பாகிவிட்டதே என்ற ஆத்திரம்தான். தூரம் சரி, நிமிடத்தை மாற்றியதும் சரி, பிறகு எங்கே கோட்டை விட்டேன் என்று என்மேலேயே கடுகடுத்தேன். அந்த வாரமே புத்தகங்கள் எடைக்குப் போயின. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பழசைக் கிளறாதே என்று இப்போது சொல்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

அன்றைக்குப் பத்து மணிக்கு அங்கிருந்து கிளம்பினோம். அதே ரோடு, இப்போது கூட்டம் வேறு சேர்ந்திருந்தது. சிக்னலைத் தவிர அப்பா எங்கேயும் நிறுத்தவில்லை. முள் நாற்பதிலேயே நின்றது. ஒத்தக்கடை நெருங்கி யானைமலை பக்கத்தில் தெரிந்தபோது அம்மாவிடம் மணி கேட்டேன்.

"பத்து இருபத்தெட்டு" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அரை மணியில வந்துட்டோம். பாத்தியாம்மா, நம்ம கணக்கு சரிதான்" என்று கத்தினேன்.

அடுத்த நொடியே முள் நாற்பதிலிருந்து இறங்கி இருபதுக்குக் கீழே போனது. வீடுதான் வந்துவிட்டதே, இப்போது போய் எதற்கு மெதுவாக ஓட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.