படக்காரரை அப்பா விசாரித்தது

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு மணி அடித்தால் முதலில் சித்தப்பா மேலே ஓடுவார். பிறகு அம்மா “முருகா” என்று நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். எண்பதுகளின் கடைசி. இலங்கையிலிருந்து தப்பி வந்த சித்தப்பாவை, அப்பாவின் தம்பியை, அகதியாக ஏற்க முடியாது என்று குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் ஒருமுறை தள்ளிவிட்டார்கள். அப்பீல் போட்டிருந்தோம். அதற்குள் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்று பயம்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்றவர் ஓர் அமெரிக்கர். வயதானவர். பஸ்ஸில் வந்து இறங்கி மழையில் நன்றாக நனைந்திருந்தார். தான் சினிமாத் தயாரிப்பாளர், இயக்குநரும் தானே, எங்கள் முன்னறையில் இரண்டு நாள் படம் பிடிக்கலாமா என்று கேட்டார். வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தவள் பத்து வயதான நான்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொன்னேன்.

உள்ளே வருமுன் அவர் தானாகவே சப்பாத்தைக் கழற்றினார். அதுதான் வினையாகிவிட்டது.

“வெள்ளைக்காரன் சொல்லாமல் சப்பாத்துக் கழட்டுவானே?” தேத்தண்ணி ஊற்றியபடி அம்மா கிசுகிசுத்தார். “ட்ரெயினிங் எடுத்துத்தான் வந்திருக்கிறார்.”

“பெரிய படக்காரர் பஸ்ஸிலை வருவாரே? குரோய்டன் ஆள்தான். பொறு, நான் கேக்கிறன்.” அப்பா கதிரையை அவருக்கு நேரே இழுத்துப் போட்டார். “முதல் படம் எப்ப எடுத்தவராம்? அதுக்கு முன்னம் என்ன வேலை? கேள் பிள்ளை.”

அமெரிக்கர் சலிக்காமல் சொன்னார். ஊர்த் தியேட்டரில் தரை கூட்டியதில் தொடக்கமாம். பிறகு சொந்தக்காரரையே நடிக்க வைத்து மலிவாய் ஒரு பேய்ப்படம். அது ஓடியதால் இன்னும் பல பேய்கள். பிறகு ஒரு யுத்தப் படம். அதில் பெரிய பெயர் வந்தது, மனைவியைச் சந்தித்ததும் அதில்தானாம். அந்தப் பெயரை நம்பி, வெள்ளம் ஊரை அழிக்கிற கதையொன்று எடுக்கப் போனார். உண்மையான வெள்ளம் வந்து செட்டை அள்ளிக்கொண்டு போயிற்று. கம்பனி போனது, மனைவியும் போனார். இப்போது லண்டனில் சின்னப் படம், வீடு தேடுவதும் தானே.

அப்பா அசையவில்லை. முதலிலிருந்து திரும்பக் கேட்டார், அதே கேள்விகளை வேறு மாதிரி. யுத்தப் படம் தொடங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டதா? ஓம், முடிந்துவிட்டது.

“அந்தப் படத்திலைதானே மனிசியைச் சந்திச்சவர்?”

அமெரிக்கர் விரல் விட்டு எண்ணினார். வருடங்களை மாற்றினார், திரும்ப மாற்றினார். கடைசியில், ஞாபகமில்லை என்று சிரித்துக் கையை விரித்தார்.

“பிடிபட்டார்!” அப்பாவின் முகத்தில் வெற்றி. “கதை ஒத்து வரேல்லை. போகச் சொல்லு.”

அப்போது படியில் காலடி கேட்டது. சித்தப்பா இறங்கி வந்து, அந்த மனிதருக்கு முன்னாலேயே நின்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“விடுங்கோ அண்ணை. குரோய்டனிலை அவங்கள் என்னைக் கேட்ட மாதிரியே கேக்கிறியள். வீடு எரிஞ்ச மாசத்தை நானும் மாறித்தானே சொன்னனான்? அதுக்குத்தானே பொய்யெண்டவங்கள். பட்டதைச் சொல்லேக்கை தடுமாறும். பாடமாக்கினவன்தான் பிசகாமல் சொல்லுவான்.”

இவர் என்ன சொல்கிறார் என்று அமெரிக்கர் என்னைக் கேட்டார். உங்களை நம்புகிறாராம் என்றேன். அவர் எழுந்து சித்தப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“திங்கக்கிழமை வரச் சொல்லு,” என்றார் அப்பா.

அவர் போனதும் அப்பா சாமியறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னமெல்லாம் ஈரம். பாவம், அந்த மனிதரின் படம் இந்த முறையாவது ஓட வேண்டுமென்று மன்றாடுகிறாராக்கும் என்று நினைத்து, நானும் பக்கத்தில் நின்று கைகூப்பி அதையே கேட்டேன்.