செப்புக்குடத்துக் கடல்நீர்

வேதமுத்துவுக்குப் பிழைப்பே கொலைதான். ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கையில் கொசு உட்கார்ந்தால்கூட அடிக்காமல் ஊதிவிடுகிற மனுஷர். ஆனால் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்தோரு வருஷமாக லேப் அட்டெண்டர். குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சோடு தவளையை ஜாடிக்குள் போட்டு மூடுவது, அது துள்ளி ஓயும்வரை மூடியை அமுக்கிக்கொண்டு நிற்பது எல்லாம் அவர் கைதான். பிள்ளைகள் அறுத்துப் படித்தார்கள், பட்டம் வாங்கினார்கள். கொன்று கொடுத்தவருக்கு ஒரு காக்கிச் சட்டை மிச்சம்.

பிறகு உயிரை அறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. குப்பிகளைத் துடைப்பதும் லேபிள் ஒட்டுவதுமாகக் காலம் ஓடியது.

வீட்டில் குழந்தை இல்லை. மூன்று தரம் கலைந்துபோயிற்று. மூன்றாம் தரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மனைவி இன்பமணி, "நீங்க கொன்ன பாவந்தான் நம்ம வீட்டுல ஒண்ணும் தங்க மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டாள். மறுநாளே அழுது மன்னிப்புக் கேட்டாள். அவள் செத்தும் மூன்று வருஷம் ஆகிவிட்டது, இவர் அதை மறக்கவில்லை.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான், ஏரலைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஸமீஹா ஒரு வாளியோடு வந்து நின்றாள். உள்ளே கடல்நீரில், மீன்பிடிக் கயிறு ஒன்றைப் பற்றிக்கொண்டு, கொத்தாகக் கணவாய் மீனின் முட்டைகள். ஒவ்வொன்றும் திராட்சை அளவுதான். புன்னைக்காயல் மீனவர் ஒருவர் வலையில் வந்ததை அவளுக்காக எடுத்து வைத்திருந்தார்.

"இதுக்கு அம்மா எங்க?" என்று வேதமுத்து கேட்டார்.

"முட்டையிட்டதும் செத்துப் போகும் அண்ணாச்சி. ஒரு வருஷந்தான் ஆயுசு. குஞ்சு எதுவும் தாயைப் பாக்காது."

"அப்ப யாரு பாத்துக்கிடுவா?"

"நாமதான்" என்றாள் அவள், சாதாரணமாக.

அந்தச் சாதாரணம் மனுஷரைப் பிடித்து உலுக்கிவிட்டது. உயிரோடு வைத்துக்கொள்ளும்படி அந்தக் கட்டிடத்தில் அவரிடம் யாரும் எதையும் கொடுத்ததில்லை.

நாள் ஏற ஏற முட்டைத் தோல் கண்ணாடியாகத் தெளிந்தது. உள்ளே விரல்நகம் அளவுக் குஞ்சு சுழன்றுகொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் வெளுக்கும், நிழல் பட்டால் பழுப்பாகும். தலையில் பாதி கண்தான். "முட்டைக்குள்ள இருந்தே பாக்கும் அண்ணாச்சி. பாத்ததை ஞாபகம் வச்சுக்கிடும். இப்ப நண்டைக் காட்டினா, பொரிச்சு வந்ததும் நண்டைத்தான் தேடுதான்னு பாக்கணும். அதான் என் ஆராய்ச்சி." அதனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம், குட்டி நண்டுகள் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் தொட்டிக்கு அருகில் பிடித்துக்கொண்டு வேதமுத்து உட்கார்ந்திருப்பார். நாற்பத்திரண்டு முட்டை, எண்பத்து நான்கு கண். நண்டைப் பார்த்ததோ, பின்னால் இருந்த நரைத்த முகத்தைப் பார்த்ததோ, அவருக்கு நிச்சயமில்லை. தன்னையும்தான் பார்க்கின்றன என்று வைத்துக்கொண்டார்.

"கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கதால முதுகுப் பக்கமும் தெரியும். மூணு இருதயம். ரத்தம் நீலம், நமக்கு இரும்பு மாதிரி அதுக்கு ரத்தத்துல செம்பு" என்று ஸமீஹா சொல்லச் சொல்ல, பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி மனதில் வாங்கிக்கொண்டார்.

பொரிக்க நாலைந்து நாள் இருக்கும்போது அவளுடைய மாமா மகளுக்கு நிக்காஹ். வெள்ளிக்கிழமை புறப்படும்போது நூறு தரம் சொன்னாள். "தினமும் பாதித் தண்ணிய மாத்தணும், பைய ஊத்தணும். சுத்தமான பாத்திரமா இருக்கணும் அண்ணாச்சி, கொஞ்சம் சோப்பு வாடை இருந்தாலும் செத்துப்போகும். இந்தக் காலத்தை விட்டா இனி முட்டை கிடைக்காது. மார்ச்சோட எனக்குக் கெடு முடியுது."

"போயிட்டு வாங்கம்மா. எம் பொறுப்பு."

அன்று சாயங்காலம் புன்னைக்காயலிலிருந்து வந்த கடல்நீர்க் கேனைத் திறந்தபோது லேசாக மண்ணெண்ணெய் வாடை. நீரிலா கேனிலா என்று முகர்ந்து பார்த்தார். வாடை கேனின் வாயில்தான். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றியாக வேண்டும். அவருக்கு நினைவு வந்தது வீட்டுச் செப்புக்குடம். இன்பமணி சீராகக் கொண்டுவந்தது. அதில் வைத்த ஆற்றுத் தண்ணீரைத்தான் அவள் கடைசிவரை குடித்தாள். செம்பில் நின்ற தண்ணீர் சுத்தம் என்பது ஊருக்கே தெரியும். அதோடு ரத்தத்திலேயே செம்பு ஓடுகிற பிராணிக்கு அது நல்லதுதானே செய்யும்? பேருந்தில் வீட்டுக்குப் போய், புளி போட்டு, கை சிவக்க விளக்கி, தகதகவென்று எடுத்து வந்தார். நாலு மடிப்புத் துணியில் வடிகட்டி நீரை அதில் நிறைத்தார். சனிக்கிழமை காலை பாதி மாற்றினார். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் மீதியை மாற்றினார்.

திங்கட்கிழமை குஞ்சுகள் சுழலவில்லை. வெளிச்சத்தைக் காட்டினால் வெளுக்கவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

ஸமீஹா கையில் மருதாணியோடு வந்து தொட்டியைப் பார்த்தாள். "தண்ணி எதுல வச்சிருந்தீங்க?"

"கேன்ல வாடை அடிச்சுதும்மா. எங்க வீட்டுச் செப்புக்குடத்துலதான், ஒரு தூசி விழாம..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ரத்தத்துல இருக்க செம்பு வேற அண்ணாச்சி. தண்ணியில கரைஞ்ச செம்பு இதுக்கு விஷம். உப்புத் தண்ணியில சீக்கிரம் கரையும்." தொட்டியைப் பார்த்தபடியே, "சுத்தமான பாத்திரம்னுதான் சொன்னேன். நான் சொல்லியிருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

துறைத்தலைவர் நாறும்பூநாதன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வேதமுத்து வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "காத்து விடுற மோட்டார் நின்னுபோச்சு சார். நான் சரியா மாட்டாமப் போயிட்டேன்."

"கல்யாண வீடுதான் பெரிசுன்னா இதுக்கு எதுக்கும்மா வந்த? ரெண்டு வருஷ வேலை, ஒரு மோட்டாரைப் பாக்கத் தெரியல." நிமிர்ந்து வேதமுத்துவைப் பார்த்தார். "நீரு வரும்போது மோட்டார் நின்னுதான் கெடந்துச்சா வே?"

ஓய்வுக்கு ஆறு வாரம். முப்பத்தோரு வருஷத்தில் அவர்மேல் ஒரு குறிப்பும் கிடையாது. ஆனால் அவர் பயந்தது அதற்கல்ல. நான்தான் கொன்றேன் என்று சொன்னால், இன்பமணி அன்று சொன்னது உண்மையாகிவிடும்.

"ஆமா சார்" என்றார்.

ஸமீஹா அவர் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மாதம் ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி.

செத்ததையாவது காட்சிக்கு வைக்கச் சொன்னார் துறைத்தலைவர். அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே, வேதமுத்து முட்டைத் தோல்களைக் கிழித்து நாற்பத்திரண்டு குஞ்சுகளையும் ஃபார்மலின் குப்பியில் இறக்கினார். பெயர், இடம், தேதி எழுதி லேபிள் ஒட்டினார். அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்தவரால் அப்படியே போக முடியவில்லை. திரும்பி வந்து, குப்பியைப் பைய எடுத்து, குஞ்சுகளின் பார்வை சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். இந்தப் பக்கத்திலும் கண் இருந்தது.