பஸ்ஸுக்குள் பதிவான ஆறாவது பாட்டு

அபுதாபி முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்புக்குப் பின்னால் கம்பெனி பஸ்கள் நிற்கும். லீவு நாளில் அதில் ஒன்றின் சாவியை டிரைவரிடம் கெஞ்சி வாங்குவோம். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிடுவோம். ஏசி போட்டால் இரைச்சல் பதிவாகிவிடும் என்பதால் அதையும் அணைத்துவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, நான் ‘அண்ணே’ என்று கூப்பிடும் ஒருவர் பாடுவார். நான் என் போனைப் பிடித்துக்கொண்டு எதிர் சீட்டில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன்.

அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஊரில் திருவிழா மேடைகளில் கதைப்பாட்டு பாடியவர். இங்கே சாரம் கட்டும் வேலை. நான் அதே கம்பெனியில் டைம்கீப்பர். வருகைப் பதிவேடும் ஓவர்டைம் கணக்கும் என் பொறுப்பு. ஏழு பாட்டுகள் சேர்த்து ஒரு ஆல்பமாக இணையத்தில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாமே இங்கே நடந்த கதைகள். மகள் கல்யாணத்தைப் போனிலேயே பார்த்தவன், கப்பல் ஏறி வந்த சமையல்காரன், பாலைவனத்தில் வண்டி பழுதாகி நின்ற இரண்டு பேர். அவர் பாடினால் அந்த ஆள் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

ஆறாவது பாட்டு எங்கள் சைட்டிலேயே சாரத்திலிருந்து விழுந்து இறந்தவரைப் பற்றியது. இறந்தவரும் இவரும் ஒரே ரூம்.

“கொக்கி ஒடஞ்ச பெல்ட்டக் கட்டி ஒசரத்துல ஏத்துனீங்க
தலசுத்தி விழுந்தான்னு தாளுலதான் எழுதுனீங்க.”

பதிவு முடிந்ததும் நான் ஜன்னல் கம்பளியை விலக்கி, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

“அண்ணே, இது மட்டும் வேணாம்ணே. வேற எதாச்சும் பாடுவோம்.”

“நடந்ததத்தானே பாடியிருக்கேன்? அவன் பொண்டாட்டி தல சுத்துனதுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கு, தம்பி.”

அவ்வளவு பயந்த நான்தான் அடுத்த நாள் ஒரு காரியம் செய்தேன். ஷார்ஜாவில் இருக்கும் என் மச்சானுக்கு அந்தப் பாட்டை மட்டும் அனுப்பினேன். இப்படி ஒரு குரலா என்று யாருக்காவது காட்டாமல் இருக்க முடியவில்லை. ‘கேட்டுட்டு அழிச்சிரு’ என்று எழுதியிருந்தேன். அவன் அழிக்கவில்லை. நாலே நாளில் சவுதி தம்மாமில் இருப்பவர்கள்கூட அதை எங்கள் கேம்புக்கே திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. பக்கத்தில் சாரம் பிரிவு சூப்பர்வைசர். அன்று அந்த பெல்ட்டோடு மேலே ஏறச் சொன்னவர் அவர்தான். மேசைமேல் போனில் பாட்டு ஓடியது. முடிந்ததும் மேனேஜர் போனை அணைத்தார்.

“என்ன அர்த்தம்?” என்று மேனேஜர் இந்தியில் என்னைக் கேட்டார்.

சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் விசா புதுப்பிக்க இரண்டு மாதம்தான் இருந்தது. “செத்துப்போன நண்பனை நினைத்து அழுகிறார் சார். ஒப்பாரி மாதிரி” என்றேன்.

“அது இல்ல தம்பி” என்றார் அண்ணன். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், வரிவரியாகச் சொன்னார். பெல்ட்டின் கொக்கி உடைந்திருந்தது. வேறு பெல்ட் கேட்டோம். ‘மாஃபி, இல்லை; யல்லா, சீக்கிரம் ஏறு’ என்றார்கள். “இவருதான் சொன்னாரு” என்று சூப்பர்வைசரைக் கையால் காட்டினார்.

சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். மேனேஜர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, “பதிவு செய்தது யார்? வெளியே அனுப்பியது யார்?” என்று கேட்டார்.

 நான் சட்டைப்பையில் இருந்த என் போனைக் கையால் மூடிக்கொண்டேன். அதற்குள் அண்ணன், “எல்லாம் நான்தான். என் போனு” என்றார்.

நான் மறுக்கவில்லை.

அந்த வாரமே சைட்டில் பழைய பெல்ட்டுகளையெல்லாம் குவித்து வெட்டிப்போட்டுவிட்டு, இரட்டைக் கொக்கி வைத்த புதிய பெல்ட்டுகள் கொடுத்தார்கள். சூப்பர்வைசரை ஓமானில் சோஹாரில் இருந்த வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். அண்ணனை ஒன்றும் செய்யவில்லை என்று நிம்மதியாக இருந்தபோது, அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். பாதி வழியில், அனுப்பியது நான் என்று சொன்னேன்.

அவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்தார். “ஒன் மச்சான்தான் பரப்பிவிட்டான்னு கேள்விப்பட்டேன். அனுப்புனதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. புருசன் எப்படிச் செத்தான்னு அந்தப் பொண்ணுக்கு அதாலதான் தெரிஞ்சுபோச்சு. ஆனா அர்த்தத்த மாத்திச் சொன்னே பாரு, அதத்தான் தாங்க முடியல. அவன் ரெண்டு தடவ செத்த மாதிரி இருந்துச்சு.”

விமான நிலைய வாசலில் வண்டியை நிறுத்தினேன். பெட்டியை நான் எடுக்கப் போனபோது, “இருக்கட்டும்” என்று அவரே தூக்கிக்கொண்டார்.

ஏழு பாட்டுகளையும் அவர் ஊரிலிருந்து வெளியிட்டார். ஆறாவது பாட்டுக்குக் கீழே ஒவ்வொரு வரிக்கும் இந்தியில் அர்த்தம் எழுத ஆள் வேண்டும் என்று கேம்பில் வேறொருவரிடம் கேட்டிருக்கிறார். அந்த ஆள் இந்தி எழுதத் தெரியாமல் என்னிடம் வந்தார். ஒரு வார்த்தையும் மழுப்பாமல் எழுதிக் கொடுத்தேன். எழுதியது யார் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றேன். பிறகு யோசித்து, “இல்ல, சொல்லுங்க” என்றேன்.