வெள்ளைத் துணியும் காப்பகத்தின் அனுமதியும்

சட்டத்துக்கும் கைக்குழந்தைக்கும் நடுவே நின்று, இரண்டும் முரண்டு பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே பிள்ளைக் காப்பகப் பொறுப்பாளரின் தொழில். ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு, ஐம்பதுகளின் இறுதியில், அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அத்தொழிலைத்தான் முதலில் செய்தேன். அரசு ஆய்வாளர் வருகிறார் என்று ஒருமுறையேனும் தரையைத் தேய்த்துக் கழுவியவர்கள் என் நிலையை அறிவார்கள்.

ஆய்வாளரின் நிபந்தனை

பெண்கள் பலர் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்பது சட்டம். புதிதாகக் கட்டிய எங்கள் அறையை ஆய்வாளர் மூலைமூலையாகப் பார்த்தார். தொட்டில், பால், காற்றோட்டம் எதிலும் குறை காணவில்லை. அந்நேரம் ஒரு தாய், வெடிமருந்துத் தூள் படிந்த சேலையோடு வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். அவர் முகம் மாறிற்று. பாலூட்டுமுன் உடுத்திக்கொள்ளத் தூய வெள்ளைச் சேலை தரவேண்டும். அடுத்த வருகைக்குள் அது நடவாவிடில் அனுமதி கிடையாது என்றார். அனுமதி இல்லையேல் பிள்ளைகள் மறுபடியும் மருந்துக் கொட்டகை வாசலில் கிடக்க வேண்டியதுதான். வெள்ளை எதற்கு என்று வினவினேன்.

“வெள்ளையிலதான் அழுக்கு ஒளிய முடியாது, டீச்சர்.”

ஒருத்தியும் தொடவில்லை

கம்பெனி வெள்ளைச் சேலைகளை வாங்கித் தந்தது. சலவை செய்து கொடியில் வரிசையாகப் போட்டேன். ஒருத்தியும் தொடவில்லை. சேலை மாற்றாதவர்களை நான் உள்ளே விடவில்லை; அவர்கள் வெயிலில், வாசற்படியில் அமர்ந்து பாலூட்டினார்கள். நான் கிறிஸ்தவள், ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளை உடுத்துவது எங்கள் வழக்கம். ஆகவே காரணம் எனக்குப் புலப்படவில்லை. திரி செருகும் பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

“நீங்க கோயிலுக்கு உடுத்துவீக டீச்சர். எங்களுக்கு அது தாலி அறுத்தவ சீலை. எம் புருசன் அந்தா, அங்கன லோடு ஏத்திக்கிட்டு நல்லாத்தானே நிக்காரு.”

மஞ்சள் தொட்டி

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சளில் நனைத்த சேலையைத்தான் உடுத்துவார்களாம். இவற்றையும் நனைத்தால் என்ன? சம்மதித்தேன். அன்று மதியமே தாய்மார் அனைவரும் மஞ்சள் சேலை மாற்றி உள்ளே வந்தனர்; மாலைக்குள் சாயம் ஒட்டிப் பிள்ளைகளின் கன்னங்களும் மஞ்சளாயின.

ஆய்வாளர் வந்தார். கொடியைப் பார்த்ததும், “நான் சொன்னது வெள்ளை” என்றார். நான் வாயைத் திறக்குமுன் பேச்சியம்மாள் மருந்து அப்பிய தன் சாம்பல் நிற விரலை ஒரு சேலையில் அழுத்தி எடுத்தாள். மஞ்சளில் கறுப்பாக, ரேகை உட்பட அப்படியே பதிந்தது. “இதுல எங்கன சார் ஒளியும்?” என்றாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ‘தூய துணி’ என்றிருந்ததேயன்றி நிறம் சொல்லப்படவில்லை. பேனாவைத் திறந்தார்.

“மேல யாராவது கேட்டா, வெள்ளை பழுத்துப்போச்சுன்னு எழுதிக்கிறேன், டீச்சர்.”

அதன்பின் வந்த ஆய்வாளர் எவரும் எங்களிடம் வெள்ளையைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், இங்குள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலையா என்பதுதான்.