பாயசம் ஊற்றும்போது காதில் விழுந்தது

பாகலூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அன்று கிரகப்பிரவேசம். நான் விருதுநகர் பக்கத்துக்காரி. ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில் இவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். இவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எனக்கோ அப்போது ஒரு சொல்கூடத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காதான் என்னிடம் வாய் நிறையத் தமிழ் பேசுவாள். இருவருக்கும் ஒரே கம்பெனி, பஸ்ஸில் ஒரே சீட்டு. கூடப் பிறக்காத அக்கா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஹோமம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பாயச வாளியோடு வந்தேன். மாமியார் அக்காவின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தெலுங்கில், "அன்னாலு ஐனங்க செப்தாம்" என்றாள். அன்னம் என்பதுபோல் கேட்டதால் சாப்பாட்டைத்தான் புகழ்கிறாள் என்று பூரித்துப்போய், அவளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு, சாயங்காலம், இவர் வந்து சொன்னார்: "உங்கப்பா போயிட்டாராம். இப்பத்தான் போன் வந்துச்சு." அழுதுகொண்டே பஸ் ஏறினேன். ஊர் போய் இறங்கும்போது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. காதல் கல்யாணக் கோபம் இன்னும் போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் வீட்டில் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அக்காவிடமே தெலுங்கு கற்றேன். பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், பாவி. ஒருநாள் கேன்டீனில் "அன்னாலு ஐனாயா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள்.

"சாப்பாடு ஆச்சான்னு கேக்குறாம்மா" என்றாள் அக்கா.

எனக்குப் பழைய ராகம் ஞாபகம் வந்தது. விளையாட்டாகத்தான் கேட்டேன்: "அப்ப, 'அன்னாலு ஐனங்க செப்தாம்'னா?"

"எல்லாரும் சாப்ட்டதும் சொல்லிக்கலாம்னு..." என்றவள் பாதியிலேயே நிறுத்தினாள். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"யாருக்கிட்டக்கா? என்னத்தச் சொல்லிக்கலாம்?"

"ஹோமத்துல இருக்கறப்பவே போன் வந்துட்டுதும்மா. பந்தி போட்டாச்சு, தீட்டுன்னா எல்லாரும் எந்திரிச்சிப் போயிடுவாங்களேன்னு உங்க அத்தை கையப் புடிச்சிக் கேட்டாங்க. நான் இன்னா பண்றது?"

"ரெண்டாவது கரண்டி பாயசம் வாங்கிக் குடிச்சீங்களேக்கா!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

இவரிடம் கேட்டேன். "நல்ல காரியத்த நடுவுல நிறுத்த முடியுமா?" என்றார், கூசாமல். அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "கெளம்பிட்டோம்னு மாப்ள சொன்னாரே பாப்பா. நீ வந்துருவேன்னு பொழுது சாயுற வரைக்கும் அப்பா மொகத்த மூடாம வச்சிருந்தோம்" என்றான்.

இப்போதெல்லாம் நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தால், மாமியாரும் இவரும் கன்னடத்துக்கு மாறிவிடுகிறார்கள். மாறட்டும். பஸ்ஸில் நான் சீட்டை மாற்றிக்கொண்டுவிட்டேன். பக்கத்தில் உட்காருகிறவள் ஆனேக்கல்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிறவள்.